திருப்பி வைக்கிற மனிசி

மோதகத்தால குழம்பிப்போன ஆராய்ச்சி எண்டு உலகத்தில ஒண்டு இருந்தா அது எங்கடதுதான். சிரிக்காதீங்க. நான் அந்த நேரம் சிரிக்கயில்ல. வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினன்.

அண்டைக்கு ஆவணிச் சதுர்த்தி. கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடந்த ஒரு ஆய்வுகூடத்தில நான் உதவியாளா வேலை செய்த காலம். கட்டிடத்துக்குப் பின்னால ஒரு எலி வீடு. உள்ள வரிசை வரிசையாக் கூடு, கூட்டுக்குள்ள வெள்ளை எலிகள். அதுகளுக்கு ஊசியால சீனி வருத்தத்த, அதுதான் நீரிழிவ, வரப்பண்ணி, மறுகா மருந்து குடுத்து, சீனி இறங்குதா எண்டு பாக்கிறது எங்கட வேலை. அளந்த சாப்பாடு, அளந்த தண்ணி, அதத் தவிர வேற ஒண்டும் அதுகள்ட வாயில படப்படாது. எங்கட காவலாளி, வாச்சர் அண்ணன், களுதாவளை ஆள். பிள்ளையார் எண்டா உயிர விடுவார். காலமைப் பூசை முடிஞ்சு ஒரு ஓலைப்பெட்டி நிறைய மோதகத்தோட வேலைக்கு வந்தவர், கூடு கூடாத் திறந்து எல்லா எலிக்கும் மோதகம் குடுத்திருக்கார். பிள்ளையார்ட வாகனம் இந்த நாளில வெறும் தவிட்டுக் கட்டியத் தின்னப்படாதாம். நான் போய்ப் பாக்கக்குள்ள எலிகள் பின்னங்கால்ல குந்தியிருந்து மீசையில ஒட்டின சக்கரைய நக்குதுகள்.

"ஐயோ அண்ணன், சீனி வருத்தக்காரனுக்கு ஆராவது சக்கரை குடுப்பாங்களா? உங்களுக்கென்ன விசரா?" எண்டு நான் கத்தின கத்தில எங்கட மேடம் ஓடி வந்தா. அந்த ஆராய்ச்சி அவடது. விசயத்தக் கேட்டா. கூட்டைப் பாத்தா. வாச்சர் அண்ணனப் பாத்தா.

"எல்லா எலிக்கும் குடுத்தீங்களா, சிலதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்தான் மேடம். பாகுபாடு பாக்கயில்ல."

அவ சுவர்ப் பக்கம் கிறுகி நிண்டா. தோள் ரெண்டும் குலுங்குது. அழுகிறா எண்டு நினைச்சு நான் பதறிப்போனன். பாத்தா மனிசி சிரிக்கிறா! கண்ணீர் வரச் சிரிச்சுப்போட்டு, சாறித் தலைப்பால முகத்தத் துடைச்சுக்கொண்டு சொன்னா, "சரி. திருப்பி வைப்பம்."

மாசக்கணக்கா நடந்த வேலை அது. "ரெண்டு நாள் பொறுத்தா சீனி பழையபடி வந்திரும் மேடம். ஒரு மோதகம் திண்டது ஆருக்குத் தெரியப்போகுது?" எண்டன்.

"எலிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இன்னும் ஆருக்குத் தெரியோணும் தேவி?"

அவட பேரை நான் இதில எழுதமாட்டன். பேர் வைக்கிறதே அவவுக்குப் பிடிக்காது. ஒரு எலிக்கு நான் களவா "சின்னக்குட்டி" எண்டு பேர் வைச்சிருந்தத எப்படியோ கண்டுபிடிச்சிட்டா. "பேர் வைச்சா அதுக்கு ஒரு வாய் கூடக் குடுப்பீங்க. அதோட சரி, பரிசோதனை போச்சு" எண்டு சொல்லி அந்த எலிய வேற ஆள்ட கையில குடுத்திட்டா. நான் ரெண்டு நாள் அவவோட கதைக்கயில்ல.

ஆள் கட்டை. மெலிவு. கொண்டைய இறுக்கிக் கட்டி, சாறிய கணுக்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கொண்டு எலி வீட்டுக்குள்ள நிண்டா எண்டா, வயல் வட்டையில நாத்து நட வந்தவ எண்டுதான் வெளியாள் சொல்லும். தேத்தண்ணிக்குச் சாயம் கூடினா ஊத்திப்போட்டுத் திருப்பி வைப்பா. சோறு குழைஞ்சா கோழிக்குப் போட்டுட்டுத் திருப்பி வைப்பா. கந்தோரில மேசை வேலை செய்தவங்க, "மலையக் கெல்லி எலியப் பிடிக்கிற மேடம்" எண்டு பகிடி பண்ணுவாங்க. அவ காதிலயே போடமாட்டா. பேசி முடிச்ச கலியாணம் ஒண்டு குழம்பிப்போனவ. நல்ல மனநிலையில இருந்த ஒரு நாள் நான் வாய்க்கொழுப்பில கேட்டன், "எல்லாத்தையும் திருப்பி வைக்கிறீங்க, கலியாணத்தையும் ஒருக்காத் திருப்பி வைச்சாலென்ன?"

"முதல்ல ஒருக்கா வைச்சாத்தானே திருப்பி வைக்க" எண்டா. என்ட அம்மாளே, அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு!

ஆனா திருப்பி வைக்கிறது எண்டா லேசுப்பட்ட காரியமில்ல. பழுதாப்போன ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்த எலிகள் சாகோணும். அந்த வேலைய அவ வேற ஆரையும் செய்யவிடமாட்டா. தானே கதவச் சாத்திக்கொண்டு செய்வா. அண்டைக்குப் பகல் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டுக்குப் போகும். "எலியக் கொல்லுறது பாவமில்லையா மேடம்?" எண்டு வாச்சர் அண்ணன் ஒருக்காக் கேட்டார். "பாவம்தான் அண்ணன். பிழையான பரிசோதனைக்குக் கொல்லுறது அதவிடப் பாவம்" எண்டு சொல்லிப்போட்டுக் கையக் கழுவிக்கொண்டிருந்தா, கன நேரமா.

இந்த எலிகளுக்கு அவ குடுத்துப் பாத்த மருந்து என்ன எண்டு சொன்னாத்தான் மிச்சக் கதை விளங்கும். அது அவட அப்பாட கசாயம்.

அவட அப்பா கொக்கட்டிச்சோலைப் பக்கம் பேர்போன பரியாரியார், நாட்டு வைத்தியர். காட்டு வேர், பட்டை, ரெண்டு மூண்டு இலை போட்டுக் காய்ச்சிற அவர்ட கசாயம் சீனி வருத்தத்தச் சுகமாக்கும் எண்டு வாவிக்கு ரெண்டு கரையிலயும் சனம் நம்பிச்சு. ஆஸ்பத்திரிக் குளிசைய, மாத்திரைய, எறிஞ்சுபோட்டுப் போத்தலோட போய் அவர்ட முத்தத்தில நிண்டுச்சு. என்ட அக்காவும் அதில ஒரு ஆள். பரியாரியாருக்கே சீனி வருத்தம். அவரும் குளிசை தொடமாட்டார், தன்ட கசாயத்தத்தான் குடிப்பார். காசுக்குச் செய்யிற மனிசனில்ல அவர், மெய்யாவே நம்பினவர். மகளும் நம்பத்தான் ஆசைப்பட்டா. கசாயம் வேலை செய்யுதெண்டா அத உலகத்துக்குச் சொல்லோணும், இல்லையெண்டா அப்பாவையும் அந்தச் சனத்தையும் காப்பாத்தோணும். ரெண்டில எது எண்டு எலிதான் சொல்லோணும் எண்டுட்டா.

"என்ட மனம் அப்பாட பக்கம் சாயும் தேவி. அதுக்குக் கயிறு கட்டோணும்" எண்டு அவ செய்த வேலை இருக்கே! எலிகள மூண்டாப் பிரிச்சம். ஒரு கூட்டத்துக்குக் கசாயம், ஒரு கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிக் குளிசைக் கரைசல், ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணி. கூடுகளில சிவப்பு, நீலம், மஞ்சள் எண்டு துணிப்பட்டி கட்டினம், என்ட பழைய சட்டைத் துணிதான். எந்த நிறத்துக்கு எது எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். குடுக்கிறது நான். அடுத்த நாள், கசாய மணம் போனதுக்குப் பிறகு வந்து, வால் நுனியில ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி பாக்கிறது அவ. "நான் கேட்டாலும் சொல்லப்படாது. காலில விழுந்து கேட்டாலும் சொல்லப்படாது" எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினா. வாய்க்காரி எண்டு ஊரே பேர் வைச்ச என்னட்ட! அதுவும் ஒரு பரிசோதனைதான் எண்டு நினைக்கிறன்.

சுனாமி வந்தது மோதகத்துக்குப் பிறகு திருப்பி வைச்சு நல்லாப் போய்க்கொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை, வேலை நாளில்ல. கூடத்தக் கடல் ஒரு பக்கத்தால புகுந்து மறுபக்கத்தால வாவிக்குள்ள கொண்டுபோய்க் கொட்டிச்சு. எலி வீட்டில நிலம் மட்டும்தான் மிச்சம். அவ இருந்த வாடகை வீடும் போயிற்று. உயிரோட நிண்டதே பெரிய காரியம்.

கன நாளா அவ எலியப் பத்தி ஒரு சொல்லுக் கதைக்கயில்ல. பள்ளிக்கூடங்களில அகதியா இருந்த சனத்துக்குக் காயம் கழுவி மருந்து கட்டப் போனா. நானும் கூடப் போனன். தகரமும் கம்பியும் கிழிச்ச காயங்கள். சிலருக்கு ஆறுது, சிலருக்கு ஆறுதேயில்ல. ஆறாத ஒவ்வொரு ஆளையும் அவ கேப்பா, "உங்களுக்குச் சீனி இருக்கா? என்ன மருந்து எடுக்கிறீங்க?" அரைவாசிப் பேர் சொன்ன பதில் ஒண்டுதான், "பரியாரியார் கசாயம்." அவட அப்பாட பேரை அவட முகத்துக்கு நேர சொல்லுவாங்க, மகள் எண்டு தெரியாம. அவ தலையக் குனிஞ்சுகொண்டு காயத்தில சீலைத்துண்டச் சுத்துவா. அங்க ஒரு மீன்காரப் பொம்புளைட கால வெட்டி எடுக்க வேண்டி வந்தது. கசாயத்தாலயா, சுனாமியாலயா, விதியாலயா, ஆருக்குத் தெரியும்? ஆனா அண்டு பின்னேரம் முழுக்க அவ பள்ளிக்கூடக் கிணத்தடியில இருந்து வாளியத் திருப்பித் திருப்பித் தேய்ச்சா.

அப்பதான் வாச்சர் அண்ணன் வந்தார். சைக்கிள் கரியரில சாக்குப் போத்தின ஒரு சாமான். சாக்க எடுத்தா, கூடு! குட்டி போடுறதுக்கு எண்டு தனியா வைச்சிருந்த சோடிகள்ட கூடு. அலை வரக்குள்ள கைக்கு எட்டின ஒரு கூட்டத் தூக்கிக்கொண்டு தண்ணித் தாங்கியில ஏறியிருக்கார் மனிசன். ஏன் அண்ணன் எண்டதுக்கு, "சதுர்த்திக்கு நான் செய்த பிழைக்குத்தான் பிள்ளையார் இத என்ட கையில தந்தார்" எண்டார். நிவாரண அரிசியில பங்கு போட்டு அதுகளக் களுதாவளையில வளத்திருக்கார்.

அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அவ அந்தக் கூட்டக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சத்தம் போட்டு அழுதா. பள்ளிக்கூடமே திரும்பிப் பாத்திச்சு. அழுது முடிச்சு மூக்கச் சிந்திப்போட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சித்தாண்டிப் பக்கம் மில்லுகளில உமி எடுக்கலாமா?" எலிக்குப் படுக்கை உமிதான். சனம் படுக்கப் பாயில்லாமக் கிடக்கு, இவ எலிக்குப் படுக்கை தேடுறா எண்டு எனக்குக் கோவம் வந்திச்சு. வாய விட்டுக் கேட்டும் போட்டன். அவ கோவிக்கயில்ல. "அந்தக் கால் போன மனிசிக்கு நாளைக்கு ஒரு ஆள் பதில் சொல்லோணுமே தேவி" எண்டா.

வாவிப் பக்கமா ஒரு பழைய நெல்லுக் களஞ்சியத்தில எலி வீடு எழும்பிச்சு. கொழும்பில இருந்து எலிச்சாப்பாடு வராத மாசங்களில தவிடு, பயறு, நெத்தலித் தூள் போட்டு நாங்களே பிசைஞ்சு உருட்டிக் காயவைச்சம். நெத்தலி மணத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் வாசலில காவல் நிக்கும். சோடிகள் குட்டி போட்டு, குட்டிகள் குட்டி போட்டு, கூடு நிறைஞ்சு பரிசோதனை வைக்கக்குள்ள நாட்டில திரும்ப யுத்தம் துவங்கிற்று.

எலிக்குச் சீனி வருத்தம் வரப்பண்ணுற ஊசி மருந்து குளிருக்குள்ளயே இருக்கோணும். கொழும்பில இருந்து ஐஸ் பெட்டியில வரும். அந்த முறை வழியில ஒரு சோதனைச் சாவடியில பெட்டிய இறக்கி வெயிலில வைச்சு, இது என்ன, அது என்ன எண்டு கேட்டு, பெரியவர் வரட்டும் எண்டு காக்க வைச்சு, எங்களிட்ட வந்து சேரக்குள்ள ஐஸ் தண்ணியாக் கிடந்திச்சு. பழுதாப்போச்சோ இல்லையோ எண்டு வெளியில பாத்துச் சொல்லேலாது. போட்டுப் பாத்தம். எலிகளுக்குச் சீனி ஏறிச்சு. பரிசோதனை நடந்திச்சு.

அந்த முறை சிவப்புக் கூடுகளில சீனி மளமளவெண்டு இறங்கத் துவங்கிச்சு பாருங்க! அவ ஒவ்வொண்டா வாசிச்சுச் சொல்ல, நான் பட்டியத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். அந்த முறை சிவப்பு ஆர்? கசாயம்! என்ட அக்கா பிழைச்சா எண்டு நினைச்சன். சத்தியமாவது மண்ணாவது, கத்திப்போட்டன், "மேடம், சிவப்பு உங்கட அப்பாட!"

அவ பேனைய வைச்சா. முகம் பூவா மலர்ந்திச்சு, அத நான் பாத்தன். பொய் சொல்லமாட்டன். ஒரு கண நேரம்தான். மறுகா நீலத்தையும் மஞ்சளையும் திரும்பப் பாத்தா. "தேவி, எல்லாக் கூட்டிலயும் சில எலிகள் தன்பாட்டில சுகமாகியிருக்கு. சிவப்பில கொஞ்சம் கூட. அவ்வளவுதான். அப்ப வருத்தமே ஒழுங்கா வரயில்ல. மருந்து வெயிலில செத்துப்போச்சு."

"செத்தா என்ன? இறங்கினது இறங்கினதுதானே!"

"இது கசாயம் இறக்கினதில்ல. திருப்பி வைப்பம்." மறுகா என்ன ஒரு பார்வை பாத்து, "அடுத்த முறை நிறத்தையும் மாத்திக் கட்டுங்க" எண்டா.

எனக்கு வந்த ஆத்திரம்! கையில கிடைச்ச வெற்றிய எறியிற விசர் மனிசி எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். அவ குடிக்கக் குடுத்த தேத்தண்ணிய வேணாமெண்டன். அவ பாட்டுக்கு நெத்தலி இடிச்சா.

அடுத்த முறை வைக்க முதல் வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரையில ஷெல் விழத் துவங்கிற்று. சனம் வாவியக் கடந்து இந்தக் கரைக்கு ஓடி வந்திச்சு. அவட அப்பாவும் வந்தார், ஒரு கையில மருந்திடிக்கிற சின்ன உரல் உலக்கை, மற்றக் கையில வேர்ப் பொட்டலி. மகள்ட வீட்டுக்கு வாங்க எண்டு அவ கெஞ்சினா. "என்னை நம்பின சனம் கூடாரத்தில கிடக்க நான் வீட்டில கிடக்கிறதா?" எண்டு கூடாரத்திலயே இருந்தார். அங்கயும் அடுப்ப மூட்டிக் கசாயம் காய்ச்சினார். அவர்ட கால் பெருவிரலில ஒரு வெள்ளைச் சீலைத்துண்டு சுத்தியிருந்திச்சு. அவ தினமும் போய் அதக் கழுவிக் கட்டுவா. ஒரு சொல்லு, ஒரே சொல்லுத்தான், "அப்பா, குளிசை." அவர், "உன்ட எலி என்ன சொல்லுது?" எண்டு கேப்பார். "இன்னும் சொல்லயில்ல அப்பா." "சொன்னாப் பிறகு வா." தகப்பனும் மகளும் ஒரே அச்சில வாத்தது எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சு. அந்த நேரத்தில என்ட அக்காவுக்கும் காலில ஒரு புண் வந்து கறுக்கத் துவங்கிற்று. கெஞ்சினன், ஏசினன். பரியாரியாரே குடிக்கிறத நான் குடிச்சா என்ன எண்டா.

சண்டை கிழக்கில ஓய்ஞ்சு சனம் ஊருக்குத் திரும்பி, நல்ல மருந்து ஐஸ் கரையாம வந்து, கடைசிப் பரிசோதனை வைக்கக்குள்ள வடக்கில வன்னியில சண்டை முடியிற காலமாப்போச்சு. முடிஞ்சுதெண்டு அறிவிச்ச நாள் ரோட்டில வெற்றி எண்டு வெடி கொளுத்தினாங்க. எங்கட ஆக்கள் கதவச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருந்தாங்க. ஆர் செத்தது, ஆர் இருக்கிறது எண்டு தெரியாத வீடுகள். அவ பின் வழியால நடந்து வந்து எலி வீட்டத் திறந்து உமி மாத்தினா. வாச்சர் அண்ணன்ட மருமகன் ஒருத்தன் வன்னியில இருந்தவன். அவரும் வந்து தண்ணி அள்ளி ஊத்தினார். வெடிச் சத்தத்துக்கு எலிகள் மூலைக்குள்ள ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடந்துச்சுகள். அண்டைக்கு நாங்க மூண்டு பேரும் எலி வீட்டிலதான் இருந்தம்.

அந்த முறை ஒரு பிழையும் நடக்கயில்ல. மோதகம் இல்ல, கடல் இல்ல, வெயில் இல்ல. என்ட வாயும் பூட்டின பூட்டுத்தான். கடைசி நாள் அவ எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டுக் கதிரைய இழுத்துப் போட்டு எனக்கு முன்னால இருந்தா.

"மஞ்சள் நல்லா இறங்கியிருக்கு. சிவப்பும் நீலமும் ஏறினது ஏறினபடி. இப்ப சொல்லுங்க தேவி. மஞ்சள் எது?"

அவட கண்ணில இருந்த ஆசைய நான் என்னெண்டு சொல்லுற? மஞ்சள் அப்பாடதா இருக்கோணும் எண்டு அந்தக் கண் கெஞ்சிச்சு.

"குளிசை, மேடம்."

"சிவப்பு?"

"தண்ணி."

மற்றத அவ கேக்கயில்ல. நீலப் பட்டி கட்டின கூட்டுக்குப் பக்கத்தில போய் நிண்டா. உள்ள ஒரு எலி ஒட்டி உலர்ந்து தண்ணிப் போத்தல விடாம நக்கிக்கொண்டு நிக்குது. சீனி கூடினா அப்படித்தான், தாகம் அடங்காது.

நான் அழுதுபோட்டன். "மேடம், திருப்பி வைப்பம். நான் ஏதும் பிழையாக் கலந்திருப்பன். உங்கட அப்பா எவ்வளவு பெரிய மனிசன். திருப்பி வைப்பம் மேடம்." அவட சொல்ல அவவுக்கே எடுத்துக் குடுத்தன்.

"என்ன பிழை நடந்திச்சு? சொல்லுங்க."

நினைச்சு நினைச்சுப் பாத்தன். ஒண்டுமில்ல.

"பிழை நடந்தாத் திருப்பி வைக்கோணும் தேவி. பிடிக்கயில்ல எண்டதுக்காகத் திருப்பி வைச்சா, பிடிச்சது வாற வரைக்கும் வைச்சுக்கொண்டே இருப்பம். அதுக்கு எத்தின எலியக் கொல்லுற? எத்தின கால வெட்டுற?" மறுகா, "நாளைக்கு என்னோட வாறீங்களா? தனியப் போக எனக்குத் தைரியமில்ல" எண்டா. அவட வாயில அப்பிடி ஒரு சொல்லு நான் முந்தியும் கேக்கயில்ல, பிந்தியும் கேக்கயில்ல.

அப்ப மண்முனையில பாலம் இல்ல. மனிசரையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்தி வாவியக் கடக்கிற மிதவையப் "பாதை" எண்டுதான் சொல்லுவம். பாதையில நிக்கக்குள்ள அவ சாறித் தலைப்ப விரலில சுத்திச் சுத்தி அவிழ்த்தா. அவட அப்பாட முத்தத்தில போத்தலோட சனம். நடுவில அண்டாவில கசாயம் கொதிக்குது. பரியாரியார் அகப்பையோட நிக்கிறார். அவர உள்ள கூப்பிட்டு மெதுவாச் சொல்லுவா எண்டு நினைச்சன். அவ அந்தச் சனத்துக்கு நடுவிலயே நிண்டு சொன்னா.

"அப்பா, எலி சொல்லிற்று. மூண்டு நிறத்தில பட்டி கட்டினம். மஞ்சளுக்குக் குளிசை, சீனி இறங்கிச்சு. சிவப்புக்கு வெறும் தண்ணி, இறங்கயில்ல. நீலத்துக்கு உங்கட கசாயம். தண்ணியும் கசாயமும் ஒண்டுதான் அப்பா."

அண்டா கொதிக்கிற சத்தம் மட்டும் கேக்குது.

"எலிக்கும் மனிசனுக்கும் ஒரே வருத்தமா?" எண்டார்.

"முழுக்க ஒண்டில்ல. ஆனா குளிசை எலியிலயும் வேலை செய்யுது, மனிசனிலயும் வேலை செய்யுது. கசாயம் ரெண்டிலயும் செய்யயில்ல. உங்கட கால் விரலப் பாருங்க."

அவருக்கு முகம் சிவந்திட்டு. "உனக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது! எத்தின தரம் திருப்பி வைச்சவள் நீ? மோதகத்துக்குத் திருப்பி வைச்சாய், கடலுக்குத் திருப்பி வைச்சாய். பெத்த தகப்பனுக்காக இன்னொருக்கா வைக்கேலாதா?"

"பிழை இல்ல அப்பா. பிழை இருந்தா வைப்பன்."

அவர் அகப்பைய அண்டாவுக்குள்ள போட்டுட்டு உள்ள போய்க் கதவச் சாத்தினார். ஒரு கிழவி அவவப் பாத்து, "தகப்பன்ட வாயில மண்ணப் போட்ட புள்ள" எண்டு காறித் துப்பிச்சு. நான் பதிலுக்குக் கத்தப் போனன். அவ என்ட கையப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டா. பாதை வந்து சேரும் வரைக்கும் துறையில நிண்டு அழுதா. நானும் அழுதன்.

அடுத்த கிளினிக் நாள். எப்பிடியோ ஏசிப் பேசி அக்காவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோயிற்றன். வாசலோட நிண்டா, உள்ள வரமாட்டன் எண்டு. சீனி பாக்கிற வரிசை வெளியில மரத்தடி வரைக்கும் நீண்டு கிடந்திச்சு. மேடம் எனக்குத் துணையா வந்தவ, திடீரெண்டு என்ட தோளப் பிடிச்சா. பாத்தா, வரிசைக்கு நடுவில வெள்ளை வேட்டியும் சால்வையுமாப் பரியாரியார்! காலமை முதல் பாதையில ஏறி வந்திருக்கார். அவருக்குப் பின்னால, முத்தத்தில போத்தலோட நிண்ட சனத்தில பாதி. அந்தக் கிழவியும் நிக்கிறா.

அவ கிட்டப் போய், "அப்பா" எண்டா.

"நான் வராட்டி இதுகள் வராதுகள்" எண்டார், முகத்தப் பாக்காம.

அவர்ட முறை வந்திச்சு. தாதி ஊசிய எடுத்து விரல நீட்டச் சொன்னா. மனிசன் கையப் பின்னுக்கு இழுத்து மகளப் பாத்தார்.

"எலிக்கு வாலில குத்தினாய் எண்டாய். எனக்கு விரலிலயா?"

வரிசையே சிரிச்சுது. அவவும் சிரிச்சா, கண்ணத் துடைச்சுக்கொண்டு. தாதி குத்தினா. ஒரு சொட்டு வந்திச்சு. அவர் அந்தச் சொட்டைப் பாத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு என்ன நிறம் கட்டப் போறாய் புள்ள?"

"மஞ்சள், அப்பா."

நான் வாசலத் திரும்பிப் பாத்தன். அக்கா அங்க இல்ல. வரிசையில கடைசி ஆளுக்குப் பின்னால, முக்காட்ட இழுத்து விட்டுக்கொண்டு நிண்டா.